தெத்துவானில் எந்த மொழி? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

ஸ்பெயினில் வேலையாக இருக்கிறேன். அடுத்த மாதம் ஜலசந்தியைக் கடந்து வடக்கு மொராக்கோவின் தெத்துவானில் சில வாரம் தங்க எண்ணம். ரிஃப் மலை ஊர் என்பதால் மக்கள் பெர்பர் மொழி பேசுவார்கள், மற்றபடி பிரெஞ்சு தெரிந்தால் போதும் என்று படித்தேன். பெர்பர் படிக்கத் தொடங்கிவிட்டேன். சரியான வழிதானா?

செ.

அன்புள்ள செ.,

நீங்கள் படித்த இரண்டுமே மொராக்கோவின் வேறு பகுதிகளுக்குப் பொருந்துபவை. தெத்துவானுக்குப் பொருந்தாது.

ரிஃப் ஒரே மலைத்தொடர்தான். ஆனால் அதன் கிழக்கில், அல் ஹொசேமா, நதோர் பக்கம்தான் தரிஃபித் என்ற பெர்பர் மொழி வழங்குகிறது. தெத்துவானைச் சூழ்ந்த மேற்கு மலைகளில் வாழும் ஜபாலா மக்கள் பேசுவது அரபு. வெண்ணிறத்தில் சிவப்புக் கோடு போட்ட மெந்தீல் துணியை இடுப்பில் சுற்றி, கம்பளி நூல் குஞ்சங்கள் வைத்த அகலமான வைக்கோல் தொப்பி அணிந்து, பழைய நகரின் வாயில்களருகே ஜ்பென் என்ற புதுப் பாலாடைக்கட்டியை ஓலைப் பின்னல் சுற்றி விற்கும் பெண்களைப் பார்ப்பீர்கள். அவர்களிடம் போய் பெர்பரில் வணக்கம் சொன்னால் திகைப்பார்கள். அவர்கள் அரபில் உயிரெழுத்துக்குப் பின் வரும் ‘த’ ஒலி, நம் ‘அது’வில் வருவதுபோல, உரசிக் குழைந்து ஒலிக்கும். முதல் சில நாள் இதுதான் காதைக் குழப்பும்.

நகரத்தாரின் பேச்சு இன்னொரு வகை. ஜபல் தெர்சா மலைச்சரிவில் ஊர். எதிரே கொர்கீஸ் மலை. நடுவே மார்த்தில் ஆறு, கடல் பத்து கிலோமீட்டர்தான். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் ஸ்பெயினின் கிரனாடாவிலிருந்து வந்த அலி அல்-மந்தரியும் அவரோடு வந்த அகதிகளும் பாழாய்க் கிடந்த ஊரை மறுபடி கட்டினார்கள். 1609க்குப் பின் ஸ்பெயின் துரத்திய மொரிஸ்கோக்களும் (கட்டாயமாகக் கிறித்தவராக்கப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தவர்கள்) இங்கே வந்து சேர்ந்தார்கள். தோரஸ், மொலினா என்று இன்றும் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஸ்பானியப் பெயர் இருப்பது அதனால்தான். பழைய குடும்பத்துப் பெரியவர்கள் அரபின் ‘காஃப்’ எழுத்தைத் தொண்டையிலேயே விழுங்கிவிடுவார்கள்: ‘கால்’ (சொன்னான்) என்பது ‘ஆல்’ என்று கேட்கும். காசாபிளாங்கா பேச்சை வைத்துத் தயாரித்த பாடங்களில் இதெல்லாம் இராது.

இனி பிரெஞ்சு. 1913 முதல் 1956 வரை தெத்துவான் ஸ்பானியக் காப்பாட்சிப் பகுதியின் தலைநகர். பிரெஞ்சு ஆட்சி இருந்தது தெற்கே. இங்கே பிரெஞ்சு பெரும்பாலும் விடுதலைக்குப் பிறகு பள்ளி, அலுவலகம் வழியாக வந்தது. ஆகவே வங்கியிலும் அலுவலகத்திலும் இளைஞர்களிடமும் பிரெஞ்சு செல்லும். வயதான கடைக்காரரிடம் உங்கள் ஸ்பானியத்தை எடுங்கள், முகம் மலரும். கடற்கரைக்கு ‘பிளாயா’ என்பதுதான் அன்றாடச் சொல். ஆப்பிரிக்கக் கரையில் ஸ்பெயின் வசமுள்ள செவுத்தா நகர் நாற்பது கிலோமீட்டர்தான். ஸ்பானியத் தொலைக்காட்சியும் இம்மொழியை வாழவைத்தது.

ஒரு மொழியை மட்டும் இனித் தெருவில் கேட்க முடியாது என்பது எனக்கு உண்மையிலேயே துயரம். 1807இல் அமைந்த யூதர் குடியிருப்பான மெல்லாவில் ஹகேத்தியா பேசினார்கள். அரபும் ஹீப்ரூவும் கலந்த பழைய ஸ்பானியம் அது. 1862இல் பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட அலியான்ஸ் யூதக் கழகத்தின் முதல் பள்ளி தெத்துவானில்தான் திறந்தது. அங்கே பிரெஞ்சு படித்த தலைமுறை பிரேசிலுக்கும் வெனிசுவேலாவுக்கும் போனது. பின்னாளில் ஏறக்குறைய எல்லோருமே இஸ்ரேலுக்கும் ஸ்பெயினுக்கும் பிற நாடுகளுக்கும் போய்விட்டார்கள். நேரம் கிடைத்தால் மெல்லாவின் நேர்கோட்டுத் தெருக்களில் நடந்து பாருங்கள். மற்ற பகுதிகளின் வளைந்த சந்துகளுக்குப் பழகிய கண் உடனே வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளும்.

பெர்பர் புத்தகத்தை இப்போதைக்கு மூடிவையுங்கள். மொராக்கோ அரபான தாரிஜாவில் இருபது வாக்கியம் படித்தால் போதும். ‘ஷ்ஹால்?’ என்றால் எவ்வளவு. இரண்டுக்கு ‘ஜூஜ்’, ஏட்டு அரபின் ‘இத்னான்’ சொன்னால் புரியும், ஆனால் பதில் வேகமான தாரிஜாவில் வரும், நீங்கள் விழிப்பீர்கள். விலையைப் பழைய கணக்கான ரியாலில் சொன்னால் நாட்டின் நாணயமான திர்ஹமில் திரும்பக் கேளுங்கள். ரியால் கணக்கு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும்.

தெத்துவானுக்கு ரயில் கிடையாது. ஸ்பெயினின் அல்ஹெசிராஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் செவுத்தா, தராகால் எல்லையை நடந்து கடந்து ஃப்னிதெக், அங்கிருந்து ஆறு பேர் சேர்ந்ததும் புறப்படும் பங்கு டாக்சி. அவசரமென்றால் காலி இடங்களுக்கும் நீங்களே கொடுத்துவிடலாம்; ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.