தண்டவாளம் ஒடுங்கிய கதை: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

ரயில்களின் வரலாற்றை மாதிரி ரயில்களைக் கொண்டே படிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். லண்டனிலிருந்து என் மகன் வாங்கிவந்த பிரிட்டிஷ் நீராவி எஞ்சினின் அட்டைப்பெட்டியில் 1:76 என்று போட்டிருக்கிறது. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர், 76ஆல் பெருக்கினால் 1,254தான் வருகிறது. அசல் பாதையோ 1,435. அளவே பிழையான பொருளிடம் எந்த வரலாற்றைப் படிப்பது?

ப.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கணக்கு சரியானது. நீங்கள் கண்டுபிடித்த அந்தப் பதினெட்டு சென்டிமீட்டர் குறைவின் வேர் 1830-களில் இருக்கிறது.

லிவர்பூல்–மான்செஸ்டர் பாதை 1830இல் திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து நாடெங்கும் பாதைகள் போடப்பட்டபோது, அன்றைய சிறிய வண்டிகளை மனத்தில் கொண்டே பாலங்களும் சுரங்கங்களும் நடைமேடைகளும் கட்டப்பட்டன. பிற்காலத்தில் அவற்றையெல்லாம் இடித்து அகலப்படுத்துவது கட்டுப்படியாகாத செலவு என்பதால், பிரிட்டிஷ் எஞ்சின்கள் எவ்வளவு வலுப்பெற்றாலும் அந்தக் கல் வளைவுகளுக்குள் உடலை ஒடுக்கிக்கொண்டே வளர நேர்ந்தது. பிந்தி வந்த ஐரோப்பியப் பாதைகளோ, அதே 1,435 மில்லிமீட்டர் தண்டவாளத்தின் மீது உயரமும் அகலமும் கூடிய வண்டிகளை ஓட்டின.

மேசைமேல் அடங்கும் மின்சார ரயில்கள் வந்தபோது, 1:87 அளவில் செய்த ஐரோப்பிய எஞ்சின்களுக்கு 16.5 மில்லிமீட்டர் அச்சாகப் பொருந்தியது. அதே அளவில் பிரிட்டிஷ் எஞ்சினைச் செய்தாலோ, அதன் ஒல்லியான உடலுக்குள் அக்கால மோட்டார் நுழையவில்லை. எனவே தண்டவாளத்தை ஓர் அடிக்கு 3.5 மில்லிமீட்டர் (அதாவது 1:87) என்ற கணக்கிலேயே விட்டுவிட்டு, உடலை மட்டும் 4 மில்லிமீட்டர் (1:76) கணக்குக்குப் பெரிதாக்கினார்கள். 1938இல் வெளிவந்த ஹார்ன்பி டப்ளோ என்ற பிரிட்டிஷ் மாதிரி ரயில் வரிசை இந்த முறையிலேயே அமைந்தது. ஆக, உங்கள் கையில் இருக்கும் பிழையை உண்டாக்கியவர்கள் பொம்மை செய்தவர்கள் மட்டுமல்லர். விக்டோரியா காலத்துக் கொத்தனார்களுக்கும் அதில் பங்குண்டு.

எஞ்சினை மேசை விளிம்பில் நிறுத்தி, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குத் தாழ்த்தி எதிரிலிருந்து பாருங்கள். சக்கரங்கள் உடலுக்கு அடியில் உள்வாங்கி நிற்பது பளிச்சென்று தெரியும். இதைப் பொறுக்காமல் 18.83 மில்லிமீட்டரில் தாங்களே தண்டவாளம் பதித்து, சக்கரங்களையும் மாற்றிப் பொருத்துகிறவர்கள் பிரிட்டனில் இருக்கிறார்கள். அவர்களது பொறுமையை மனமார மதிக்கிறேன். ஆயினும் உங்கள் எஞ்சினை இப்படியே வைத்திருங்கள் என்றே சொல்வேன்.

மகன் அடுத்த முறை வரும்போது 1:87 அளவில் ஓர் ஐரோப்பிய எஞ்சினையும் வாங்கிவரச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே தண்டவாளத்தில் அடுத்தடுத்து நிறுத்தினால், வெவ்வேறு அளவில் செய்யப்பட்ட அவை ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்பதைக் காண்பீர்கள்.