முதல் இதழில் சண்டை வேண்டுமா?

கேள்வி: இதழ் எண்ணை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கிய சூப்பர் ஹீரோ காமிக்ஸின் முதல் இதழில் சண்டையே இல்லை; அது சரியா என்று நண்பர்கள் இரு அணியாகப் பிரிந்து வாதிடுகிறோம். தங்கள் கருத்து என்ன?
– கல்லூரி மாணவர், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பதில்: அமெரிக்க மாத இதழில் கதைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 20 பக்கங்களே என்பதாலும், ஐந்தாறு இதழ்களைப் பின்னர் ஒரே தொகுப்பாக வெளியிடும் வழக்கம் இருப்பதாலும், எழுத்தாளர்கள் பலர் முதல் இதழை அறிமுகத்துக்கே ஒதுக்கிவிடுகிறார்கள். 2011இல் சூப்பர்மேன், பேட்மேன் கதைகளை வெளியிடும் டிசி நிறுவனம் 52 தொடர்களை முதல் எண்ணிலிருந்து தொடங்கியதும் புதிய வாசகர்களை ஈர்க்கத்தான். ஆனால் மாதந்தோறும் காசு கொடுத்து (உங்கள் ஊரில் இருந்துகொண்டு பெங்களூரிலிருந்து வரவழைத்தும்) வாங்குபவர், அந்த 20 பக்கங்களுக்குள் நாயகனுக்கு ஒரு நெருக்கடியாவது நேர வேண்டுமென்று எதிர்பார்ப்பது முற்றிலும் நியாயம். அடிதடியில்லாத இதழை நான் விரும்பியே படிப்பேன். நெருக்கடியே இல்லாத இதழை மன்னிக்க மாட்டேன். மூன்றாம் இதழ்வரை படித்துவிட்டு முடிவெடுங்கள்.