டோரியன் மோடும் ஆபேரியும்: கித்தார் கேள்வி பதில்

கோலாலம்பூர், பினாங்கு வாசகர்கள் கேட்டவை இவை. மோடு என்றால் ஒரே ஸ்கேலின் சுரங்களை வேறொரு சுரத்தை ஆதாரமாக்கி வாசிப்பது. எல்லாம் சாதாரண ட்யூனிங்கில் (ஆறாம் கம்பியிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ), ஏ-யை ஸட்ஜமாக, அதாவது ஆதார சுரமாக வைத்து. பாடகர்களின் சுருதிக் கணக்கில் அது 6 கட்டை.

செந்தூல்: மாஸ்டர், ஏ டோரியன்னு நெனச்சித்தான் வாசிக்கிறேன். கேட்குறவங்க ஜி மேஜர்னு சொல்றாங்க. சுரம் தப்பா?

சுரம் சரிதான் தம்பி. ஸட்ஜம்தான் காதில் பதியவில்லை. ஏ, பி, சி, டி, இ, எஃப் ஷார்ப், ஜி என்ற ஏழும் இரண்டுக்கும் பொது. ஜி-யில் போய் நின்றால் சங்கராபரணம், ஏ-யில் நின்றால் கரகரப்பிரியா. டோரியன் என்பது 22-வது மேளமான (தாய் ராகமான) அந்தக் கரகரப்பிரியாவின் சுரங்களேதான்.

பாக்ஸ் (கழுத்தில் ஓரிடத்தில் அடங்கும் விரல் வடிவம்), படம் எல்லாவற்றையும் ஒரு வாரம் மூடி வையுங்கள். ஐந்தாம் கம்பியைத் திறந்தபடி கட்டைவிரலால் தட்டிக்கொண்டே இருங்கள். அதுதான் உங்கள் தம்புரா. அதன்மேல் மூன்றாம் கம்பியில் மட்டும் 2, 4, 5, 7, 9, 11, 12, 14 ஆகிய ஃபிரெட்களில் (கழுத்தில் உலோகக் கம்பி பிரிக்கும் கட்டங்கள்) ஏறி இறங்குங்கள். எந்த இடத்தில் ஒரு ஃபிரெட், எந்த இடத்தில் இரண்டு என்பது கண்ணுக்கே தெரியும். மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60 தட்டு, ஒரு தட்டுக்கு ஒரு சுரம். எங்கே சுற்றினாலும் ஏ இருக்கும் 2-லோ 14-லோ வந்து இறங்குங்கள். ஜி இருக்கும் 12-இல் முடித்தால் மறுபடி ஜி மேஜர்தான்.

ஆயர் ஈத்தாம்: அண்ணே, மைனர் பென்டடானிக் பாக்ஸ் நல்லா வரும். டோரியனுக்கு என்ன சேர்க்கணும்?

பென்டடானிக்கின் ஐந்து சுரத்தோடு (ஏ, சி, டி, இ, ஜி) இரண்டே சுரம்: பி, எஃப் ஷார்ப். ரிஷபமும் தைவதமும். ஆனால் இரண்டையும் கண்ட இடத்தில் தூவினால் ஸ்கேல் பயிற்சி மாதிரி ஆகிவிடும். நமக்கு இதற்கு ஒரு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது, ஆபேரி ராகம். இன்று மேடையில் பாடப்படும் ஆபேரியின் ஆரோகணம் (ஏறுவரிசை) ஸ க ம ப நி ஸ, அப்படியே உங்கள் பென்டடானிக். அவரோகணத்தில் (இறங்குவரிசையில்) ஏழு சுரமும் வரும், அது முழு டோரியன்.

ஏறும்போது ஆறாம் கம்பியில் 5, 8. ஐந்தாம் கம்பியில் 5, 7. நான்காம் கம்பியில் 5, 7.

இறங்கும்போது நான்காம் கம்பியில் 7, 5, 4. ஐந்தாம் கம்பியில் 7, 5. ஆறாம் கம்பியில் 8, 7, 5.

அந்த நான்காம் கம்பியின் 4-தான் எஃப் ஷார்ப். ஆள்காட்டி விரல் மட்டும் ஒரு ஃபிரெட் பின்னால் போய்த் திரும்ப வேண்டும். கழுத்துக்குப் பின்னால் கட்டைவிரல் அசையக் கூடாது. அசைந்தால் கை முழுக்க நகர்ந்து, அடுத்த சுரமான இ, ஐந்தாம் கம்பியின் 7-இல் விழாமல் 6-இல் விழும். நிறைய பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள், பிறகு கித்தாரைத் திட்டுகிறார்கள். 4-க்குப் பதில் 3-ஐ அழுத்தினால் சுத்த தைவதம் (எஃப்), நடபைரவி என்ற வேறு மேளத்துக்குப் போய்விடுவீர்கள்.

ஏறும்போதும் எஃப் ஷார்ப் போட்டால் டோரியன் கெடாது, ஆபேரி போய்விடும். முதலில் ஆபேரியாகவே பழகுங்கள் என்பது என் கட்சி. தைவதம் இறங்கும்போது மட்டும் வருவதால் அதன் நிறம் காதில் நன்றாக ஏறும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்: பின்னாடி என்ன கோர்டு போடுறது, சார்?

ஏ மைனர் செவன் இரண்டு பார் (தாளச் சுற்று), டி மேஜர் இரண்டு பார். அவ்வளவே. டி மேஜருக்குள் எஃப் ஷார்ப் இருக்கிறது, மோடின் அடையாளமே அதுதான். எஃப் மேஜர் போடாதீர்கள், உள்ளே ஷார்ப் இல்லாத எஃப் இருப்பதால் மோதும். இ செவன்த்தும் வேண்டாம், அதில் ஜி ஷார்ப் வருகிறது. பழக்கத்தில் கை அங்கே போகும், தடுத்துக்கொள்ளுங்கள். இ மைனர் தாராளமாகப் போடலாம்.

பட்டர்வொர்த்: பஜனையில பாடுறவர் ஐந்தரைக் கட்டை. நான் ஏ-யில் பழகியது வீணா?

வீணில்லை ஐயா. ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். பாக்ஸ் முழுவதையும் ஒரு ஃபிரெட் கீழே இறக்கினால் போதும். ஆனால் தம்புராவாகத் தட்டத் திறந்த கம்பி கிடைக்காது. அது வேண்டுமானால் நான்காம் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒன்றாக அழுத்தும் கவ்வி) மாட்டி, இ மைனர் செவன், ஏ மேஜர் வடிவங்களைப் பிடியுங்கள். ஆறாம் கம்பி இப்போது ஜி ஷார்ப். 1 கட்டைக்காரர் வந்தால் மூன்றாம் ஃபிரெட்டில் கேப்போ, பழைய ஏ மைனர் வடிவமே.

ஜார்ஜ்டவுன்: கமகம் வருமா? அக்கூஸ்டிக் கித்தார்தான் வச்சிருக்கேன்.

வரும்மா, சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் அளவோடு வரும். 12 கேஜ் (முதல் கம்பி 0.012 அங்குலத் தடிமன்) அக்கூஸ்டிக் செட்டில் மூன்றாம் கம்பி சுற்றுக்கம்பி, வளைக்க விரல் படாதபாடு படும். அங்கே காந்தாரத்தைச் சறுக்கலாகப் பிடியுங்கள்: 4-ஐ மீட்டி, அழுத்தம் விடாமல் 5-க்கு. அழுத்தம் தளர்ந்தால் நடுவில் ஒலி செத்துவிடும். இரண்டாம் கம்பியில் வளைக்கலாம்: 8-ஐ (ஜி) மூன்று விரல் சேர்த்துத் தள்ளி ஏ-க்குக் கொண்டுபோங்கள். முதலில் 10-ஐ மீட்டிக் கேட்டுக்கொண்டு பிறகு வளைத்தால் சுருதி தவறாது.

ஆயர் ஈத்தாம், மறுபடி: கம்பி சீக்கிரமா கறுத்துப் போவுது அண்ணே.

பினாங்கு ஈரப்பதமும் கை வியர்வையும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடையுங்கள், கித்தாரை உறையில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அப்படியும் புதுக் கம்பியில் 12-ஆம் ஃபிரெட் சுரம் அதே இடத்து ஹார்மோனிக்கை (கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டும் ஒலியை) விடச் சுருதி ஏறிக் கேட்டால் கம்பி உயரத்தைப் பார்க்கச் சொல்லிக் கடையில் கொடுங்கள்.