வீடியோ காலில் மட்டும் அப்பாவின் கை ஏன் நடுங்குவதில்லை?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 67 வயது, கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் என்று மதுரையில் சொன்னார்கள். அவ்வளவு தூரம் அடிக்கடி கூட்டிப்போக முடியாததால் வீடியோ காலில் காட்டுகிறோம். வீட்டில் கை நடுங்குகிறது, கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது. டாக்டர் திரையில் வந்ததும் எதையும் காணோம். ‘நல்லாத்தானே இருக்கார்’ என்று சொல்லிவிடுகிறார். இங்கே ஒரு கணினி மையத்தில், நடையைப் படமெடுத்து கம்ப்யூட்டர் ரிப்போர்ட் தர 1,500 ரூபாய் கேட்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு முறை மதுரைக்கே போய்வாருங்கள்.

அப்பா எதையும் மறைக்கவில்லை. டாக்டர் பார்க்கிறார் என்று கவனம் வைத்து நடந்தால், இந்த நோய்க்காரர்கள் கொஞ்ச நேரம் நன்றாகவே நடப்பார்கள். இன்னொன்று, நேரம். பத்து மணிக்கு லெவோடோபா என்ற பார்க்கின்சன் மாத்திரை போட்டு, பதினொரு மணிக்கு வீடியோ கால் வந்தால் டாக்டர் பார்ப்பது மாத்திரையின் வேலையைத்தான். நெட் மோசமாக இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். இந்த நடுக்கம் நொடிக்கு நாலு முதல் ஆறு முறை வருவது. படம் விட்டுவிட்டு வந்தால் அது எங்கே தெரியும்?

ஆகவே நேரடி வீடியோ காலை மட்டும் நம்பாமல், முன்னாடியே வீடியோ எடுத்து டாக்டருக்கு அனுப்புங்கள். அடுத்த மாத்திரைக்குச் சற்று முன் ஒன்று, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒன்று. மாத்திரை போட்ட நேரத்தைப் படத்திலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். படத்துக்காக மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். போனைக் கையில் பிடிக்காமல் ஸ்டூலில் சாய்த்து வையுங்கள். அசைவைச் சமன்செய்யும் வசதியும் முக அழகு ஃபில்டரும் இருந்தால் அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சம் போதும். வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் படம் நசுங்காது.

முதலில் கைகளை மடியில் தளர்வாக வைத்து, தமிழ் மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள்: பங்குனி, மாசி, தை... மனசு அங்கே போனதும் கை தன் வேலையைக் காட்டும். அப்புறம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நன்றாக அகலமாக, வேகமாக பத்து தட்டு, ஒவ்வொரு கையாக. முதல் மூன்று நாலு தட்டு அகலமாக இருக்கும், பிறகு சுருங்கிக்கொண்டே வரும். என்னைப் போன்ற டாக்டருக்கு வேண்டியது அந்தச் சுருக்கம்தான். கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டி, பாதம் தெரிய, வீட்டு வராந்தாவில் நடந்து திரும்பட்டும். ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மணலில் வேண்டாம். மணலில் யார் நடந்தாலும் கால் இழுக்கும். வாசல்படியில் கால் ஒட்டுகிறது என்றால் அங்கேயே எடுங்கள்.

இப்போது அந்தக் கணினி மையக்காரர். அவர் தரும் வண்ண வரைபடத்தில் அப்பா எத்தனை மணிக்கு மாத்திரை போட்டார் என்பது இருக்காது. அது இல்லாமல் அந்த எண்களை வைத்து நான் என்ன செய்வது? 2020-இல் வந்த தொலை மருத்துவ வழிகாட்டுதலின்படி, செயற்கை நுண்ணறிவுச் செயலி நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. எழுதுபவர் டாக்டராக இருக்க வேண்டும், சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். இதே ஆட்கள் ‘வீடியோவிலேயே ஊனமுற்றோர் சான்றிதழ் வாங்கித் தருகிறோம்’ என்றும் கிளம்புவார்கள். பார்க்கின்சன் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் இருப்பது உண்மை. ஆனால் சான்றிதழுக்கு அரசு மருத்துவர் நேரில் பரிசோதிக்க வேண்டும். ஒரு நரம்பு டாக்டரைப் பார்க்க ஜனங்களை மாவட்டம் தாண்டி ஓடவிட்டால், நடுவில் கல்லா போட ஆள் வரத்தானே செய்வான்.

வீடியோவை நம்ப முடியாத ஒரு இடத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அப்பா தலைசுற்றலுக்கோ வாந்திக்கோ மாதக்கணக்கில் மாத்திரை போடுகிறாரா? சின்னரிசின், ஃப்ளூனரிசின், புரோகுளோர்பெரசின், மெட்டோகுளோபிரமைடு போன்றவை பார்க்கின்சன் மாதிரியே நடுக்கத்தையும் மந்த நடையையும் உண்டாக்கும். வீடியோவில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், நானும் ஏமாறலாம். பெரும்பாலும் அந்த மாத்திரையை நிறுத்தினால் வாரங்களிலோ மாதங்களிலோ குறையும். ‘அது சும்மா தலைசுற்றல் மாத்திரை’ என்று சொல்லிச் சொல்லியே இது விட்டுப்போகிறது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கியதும் சேர்த்து, வீட்டிலுள்ள எல்லா அட்டையையும் பெயர் தெரிய கேமரா முன் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், டாக்டர் சொல்லட்டும்.

கை கால் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பதை டாக்டர் தொட்டுத்தான் பார்க்க முடியும். பின்னாலிருந்து தோளை இழுத்து, தடுமாறுகிறாரா என்று பார்க்கும் சோதனையும் அப்படித்தான். அதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள், விழுந்துவிடுவார். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது நேரில் காட்டுங்கள். அதற்குள் கீழே விழ ஆரம்பித்தாலோ, சோறு தண்ணீர் புரையேறினாலோ, வீடியோ எடுத்துக்கொண்டிருக்காமல் அந்த வாரமே கிளம்புங்கள்.