மாட்டுக் கொட்டகையில் குதிரை: அடைமழைக்கு முன் என்ன செய்வது?

கேள்வி: ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஐந்து வயதுக் கத்தியவார் பெண் குதிரை வாங்கினேன். கறவை மாடுகளோடு ஒரே கட்டுத்தரையில் நிற்கிறது. மாட்டுக்குப் போடும் கோ-5 தீவனப்புல், தவிடு, கலப்புத் தீவனம்தான் இதற்கும். காலையில் ஒரு மணி நேரம் தோட்டத்தைச் சுற்றிச் சவாரி. சில நாளாகப் பின்னங்கால் குளம்பில் நாற்றம். ஐப்பசி மழைக்குள் என்னென்ன செய்ய வேண்டும்?
– கோபி வட்டார வாசகர்

பதில்: மழை வேலைகளுக்கு முன்னால் கலப்புத் தீவனத்தை இன்றே நிறுத்துங்கள். மாட்டுத் தீவனம் சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்து சேர்க்கிறார்கள். மாடு தாங்கும் அளவே குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும், மாற்று மருந்தும் கிடையாது. மூட்டையில் அந்தப் பெயர் இல்லாவிட்டாலும், கோழித் தீவனத்திலும் அதைச் சேர்ப்பதால், கோழித் தீவனம் அரைக்கும் ஆலையில் அரைத்ததென்றால் மிச்சம் கலந்திருக்கலாம். அதே போல, உண்ணிக்காக மாட்டின் மேல் தெளிக்கும் அமிட்ராஸைக் குதிரைக்குத் தொடவே கூடாது. குடல் அசைவு நின்று, சாணம் கட்டி, வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் உள்ளே போன எதுவும் திரும்பி வராது.

அடுத்தது கோ-5. இது கம்பு நேப்பியர் புல், இதில் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். மாட்டின் இரைப்பைக் கிருமிகள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுகின்றன, குதிரைக்கு அந்த வசதி இல்லை. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி. இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவ ஆரம்பிக்கும். முதலில் நடை விறைத்துப்போகும், இன்றைக்கு ஒரு கால் நாளைக்கு வேறு கால் என்று நொண்டும், மாதக்கணக்கில் தொடர்ந்தால் முக எலும்பு வீங்கும். எனவே தவிட்டை விட்டுவிடுங்கள், கோ-5ஐப் பாதிக்கும் கீழே இறக்குங்கள். காய்ந்த சோளத்தட்டை நறுக்கி முக்கியத் தீவனமாக்கி, கால் பங்காவது குதிரைமசால், வேலிமசால் போன்ற பயறு வகைத் தீவனம் சேருங்கள். அதுவும் பயறு வகைதானே என்று சூபாபுல் தழையை ஒடித்துப் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள மைமோசின் என்ற நச்சு பிடரி மயிரையும் வால் மயிரையும் கொட்டவைக்கும், குளம்பையும் கெடுக்கும்.

கொள்ளு நல்லதுதான், அளவு முக்கியம். உங்கள் சவாரிக்கு நாளுக்கு ஒரு கிலோ போதும். இரவே ஊறவைத்து, நசுக்கினால் மசியும்வரை வேகவைத்து, ஆறிய பின் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். கல்லுப்பு சுமார் 30 கிராம். கலப்புத் தீவனத்தைத் தவிர மற்ற மாற்றங்களைப் பத்து நாளில் படிப்படியாகச் செய்யுங்கள், ஒரே நாளில் மாற்றினாலும் வயிற்றுவலி வரும்.

350 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளுக்கு ஆறேழு கிலோ உலர் தீவனம் என்றால், ஐப்பசி கார்த்திகைக்கு 400 கிலோ தட்டு கையிருப்பு வேண்டும். தரையில் அடுக்காமல் ஓரடி உயரக் கட்டையின் மேல் அடுக்குங்கள். தார்ப்பாயைப் போரோடு ஒட்டிச் சுற்றினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும், பக்கவாட்டில் காற்று போக இடம் விடுங்கள். பூசணம் பிடித்த தட்டை உதறிப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தூள்தான் நெஞ்சில் இறங்கி இருமலாகும்.

இனிக் குளம்பு. மாட்டு மூத்திரம் ஊறிய தரையில் நாள் முழுக்க நிற்பதால் வரும் அழுகல் இது. காலைத் தூக்கி, மழுங்கிய கொக்கியால் குதிகாலிலிருந்து முனைப்பக்கமாகச் சுரண்டுங்கள். நடுவில் மெத்தென்ற முக்கோணப் பகுதி இருக்கும். அதன் இருபக்கப் பள்ளத்திலும் நடு வெடிப்பிலும் கறுப்பாகக் கசடு வரும், நாற்றம் அங்கிருந்துதான். தூரிகையால் கழுவித் துணியால் ஒற்றி நன்றாகக் காயவிட்டு, பொவிடோன் அயோடின் நனைத்த பஞ்சைப் பள்ளத்தில் திணியுங்கள். தினமும் புதுப் பஞ்சு. காயாமல் மருந்து போட்டால் பலன் இல்லை. பஞ்சு வைக்கும்போது காலை வெடுக்கென்று இழுத்தாலோ ரத்தம் வந்தாலோ மருத்துவரைக் கூப்பிடுங்கள். லாடக்காரர் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வரவேண்டும். சந்தையில் வாங்கிய பிறகு இன்னும் வரவில்லை என்றால் மழைக்கு முன் வரவழையுங்கள்.

ஆனால் தரை மாறாமல் குளம்பு ஆறாது. மாடுகளிடமிருந்து பிரித்து, அரையடி உயர்த்திய தனி இடம் அமையுங்கள். கீழே சரளை, மேலே மணல், பின்பக்கம் லேசான சரிவு. ஈர மணலைத் தினமும் வாரிவிடுங்கள்.

மழையில் நனைந்து வந்தால் முதுகைத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். முதுகில் பொருக்குத் தட்டி, பிய்த்தால் பெயின்ட் பிரஷ் முனை போல மயிர்க்கொத்தோடு கையில் வந்தால் அது மழைச் சொறி. குளோர்ஹெக்சிடின் கரைசலால் கழுவி உலர்த்துங்கள், ஆறும்வரை சேணம் வேண்டாம். ஈரமான சேண விரிப்பை மறுநாள் போடுவதும் இதற்கு ஒரு காரணம், இரண்டு விரிப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் கடிக்கும் பெரிய ஈக்கள் பெருகும். அவை பரப்பும் சர்ரா நோயில் காய்ச்சல் விட்டுவிட்டு வரும், தீனி எடுத்தபடியே குதிரை மெலியும், அடிவயிறும் காலும் நீர் கோத்து வீங்கும். குதிரையின் இயல்பான வெப்பம் 99 முதல் 101 டிகிரி பாரன்ஹீட். ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்து, அதற்கு மேல் போனால் கால்நடை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். சந்தையில் கைமாறிய குதிரை என்பதால், வீக்கம் எதுவும் தெரியாவிட்டாலும் ஒருமுறை ரத்தம் பார்த்துவிடுவது நல்லது. டெட்டனஸ் தடுப்பூசி போட்டதா என்று தெரியாவிட்டால் அப்போதே அதையும் கேட்டுப் போடுங்கள். குதிரைக்கு டெட்டனஸ் எளிதில் தொற்றும், குளம்பில் ஆணி ஏறிய சிறு துளையே போதும்.