துடுப்பும் பைனாகுலரும்: வாசகர் கேள்வி பதில்

கேனோவில் ஆற்றுவழியே போய், கரையில் கூடாரம் அடித்துத் தங்கி, குழுவாகப் பறவை பார்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர், நான்கு கேனோ. மூன்று நாளில் 75 கி.மீ. போவதாகத் திட்டம். வழியில் பறவைகளும் பார்க்க வேண்டும். சரிப்படுமா?

சரிப்படாது. அமைதியான நீரில் மணிக்கு 4 முதல் 5 கி.மீ. வரை போகலாம், அதனால் நாளுக்கு 25 கி.மீ. என்பது துடுப்புக்குப் பெரிய வேலையல்ல. ஆனால் பறவை பார்க்கிற குழு ஒவ்வொரு வளைவிலும் நிற்கும். நாளுக்கு 12 முதல் 15 கி.மீ. போதும்.

தூரத்தைவிட நேரம்தான் பெரிய சிக்கல். விடிந்து முதல் இரண்டு மூன்று மணி நேரம்தான் பறவைகள் மும்முரமாக இருக்கும். தினமும் முகாம் மாற்றினால், அந்த நேரம் முழுக்க கூடாரத்தைப் பிரித்து மூட்டை கட்டுவதிலேயே போய்விடும். ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்குங்கள். முதல் நாள் சாமான்களோடு போய்ச் சேருங்கள். இரண்டாம் நாள் விடியலில் காலிப் படகுகளோடு நீரோட்டத்துக்கு எதிராக 3 கி.மீ. ஏறிப் போய், திரும்பும்போது ஓட்டத்தோடு மிதந்து வாருங்கள். மூன்றாம் நாள் மீதித் தூரம். பிற்பகலில் பெரும்பாலும் காற்று வலுக்கும். எதிர்க்காற்று வேகத்தைப் பாதியாக்கிவிடும் என்பதால் மதியத்துக்குள் கரை சேர்வதாகவே கணக்குப் போடுங்கள்.

கேள்வி: படகு நெருங்குவதற்குள் பறவை பறந்துவிடுகிறது. மீன்கொத்தி ஒன்று நூறு மீட்டர் தள்ளி உட்காருகிறது, நாங்கள் போனதும் மறுபடி பறக்கிறது. என்ன தவறு?

நீங்கள் அதைத் துரத்துகிறீர்கள். மீன்கொத்தி, கொக்கு, உள்ளான் எல்லாம் அப்படித்தான் படகுக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் அதன் இரைதேடல் கெடுகிறது. அது இரண்டாவது முறை எழும்பியதுமே எதிர்க்கரைப் பக்கம் ஒதுங்கி, நிற்காமல் கடந்துவிடுங்கள். பெரும்பாலும் நீங்கள் தாண்டியபின் தன் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

பார்க்க வேண்டுமானால் நேராக அதை நோக்கிப் போகாதீர்கள், பக்கவாட்டில் கடப்பதுபோலப் போங்கள். 60, 70 மீட்டருக்கு முன்பே துடுப்பை நிறுத்தி மிதந்து வாருங்கள். பேச்சைவிடப் பறவைகளை விரட்டுவது இரண்டு: துடுப்பு படகின் விளிம்பில் இடிக்கும் சத்தம், துடுப்பை மறுபக்கம் மாற்றும்போது மேலே வீசும் கை. பின்னால் இருப்பவர் ‘ஜே’ வீச்சு பழகிக்கொண்டால் பக்கம் மாற்றாமலே படகை நேராக வைக்கலாம். வழக்கம்போலப் பின்னோக்கி இழுத்து, முடிவில் துடுப்பலகையைத் திருகி, வெளிப்பக்கம் சற்றுத் தள்ள வேண்டும். துடுப்பின் மேல்முனையைப் பிடித்த கையின் கட்டைவிரல் கீழே பார்த்தபடி முடிந்தால் வீச்சு சரி.

இன்னொன்று. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகு உலர்த்துவது ஆற்றில் சாய்ந்த மரங்களில். மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் வளை குடைவது வளைவின் வெளிப்புறச் செங்குத்துக் கரையில். நீரோட்டம் வேகமெடுத்துப் படகைத் தள்ளிக்கொண்டு போவதும் அந்த வெளிப்புறத்துக்குத்தான். விழுந்து கிடக்கும் மரம் சல்லடை போல நீரை விட்டுவிட்டு ஆளையும் படகையும் பிடித்துக்கொள்ளும், ஆற்றில் உயிர் போவதற்கு முக்கியமான காரணங்களில் அது ஒன்று. ஆகவே பறவை வெளி வளைவில் இருந்தால், நீங்கள் உள் வளைவின் மெதுவான நீரில் படகை நிறுத்தி எதிர்க்கரையைப் பாருங்கள். படகும் பாதுகாப்பு, பறவையும் கலையாது.

கேள்வி: என்னிடம் 10x42 பைனாகுலர் இருக்கிறது. போதுமா?

10 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்வில்லையின் விட்டம், மி.மீ.யில். கரையில் இது நன்றாக இருக்கும். படகில் அசைவும் பத்து மடங்காகத் தெரியும். படகுக்கு 8x42 அல்லது 7x35 நல்லது. காட்சிப் பரப்பு அகலமாக இருப்பதால் பறக்கும் ஆலா போன்ற நீர்ப்பறவையைப் பார்வைக்குள் பிடிப்பதும் எளிது. நீர்புகாத வகைதானா என்று உறுதி செய்யுங்கள். கழுத்துப் பட்டை துடுப்பில் மாட்டும், தோள்களைச் சுற்றி வரும் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு விதியைக் குழுவில் எல்லோரும் ஏற்க வேண்டும்: ஒரு படகில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பைனாகுலரை எடுக்கலாம். மற்றவரின் கண் ஆற்றில், கை துடுப்பில்.

கேள்வி: நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்களும் லைஃப் ஜாக்கெட் போட வேண்டுமா?

ஆம், கொக்கிகள் எல்லாம் மாட்டி. தலையில் அடிபட்டவருக்கு நீச்சல் உதவாது.

கேள்வி: கேனோ கவிழ்வது எதனால்? ஆழமான நீரில் கவிழ்ந்தால் எப்படி நிமிர்த்துவது?

உங்களைப் போன்ற குழுக்களில் முதல் காரணம், தலைக்கு மேல் போகும் பறவையைப் பார்க்க இருவரும் ஒரே பக்கம் சாய்வது. உங்கள் மூக்கு படகின் விளிம்பைத் தாண்டக் கூடாது. இரண்டாவது, பாறையில் பக்கவாட்டாக மோதும்போது பயந்து எதிர்ப்பக்கம் சாய்வது. அப்போது மேலிருந்து வரும் நீர் படகுக்குள் ஏறிவிடும், பாறைப் பக்கம்தான் சாய வேண்டும். மூன்றாவது, சுமை. கனமானவை அடியிலும் நடுவிலும் இருக்கட்டும். நீர்மட்டத்துக்கு மேல் விளிம்பு 15 செ.மீ. ஆவது தெரிய வேண்டும்.

கவிழ்ந்துவிட்டால் முதலில் ஆள், பிறகு படகு, சாமான் கடைசி. நீரில் இருப்பவர், படகை நோக்கி நீரோட்டம் வரும் பக்கம் இருக்க வேண்டும். நீர் நிறைந்த கேனோ அரை டன்னுக்கு மேல் கனக்கும், அதற்கும் பாறைக்கும் நடுவில் சிக்கினால் அவ்வளவுதான். வேகமான நீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள், கால் கல்லிடுக்கில் மாட்டும். மல்லாந்து, பாதங்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி மிதந்து, மெதுவான நீருக்கு ஒதுங்குங்கள்.

அமைதியான நீர் என்றால் இன்னொரு கேனோ வந்து உதவலாம். கட்டிய பைகளை முதலில் அவிழ்த்துவிடுங்கள். கவிழ்ந்த படகு குப்புறவே இருக்கட்டும். அதன் ஒரு நுனி உதவிப் படகின் நடுவில், ஆங்கில ‘டி’ வடிவில் படும்படி திருப்புங்கள். நுனியை விளிம்பின் மேல் தூக்கி, படகைக் குறுக்கே இழுத்துக்கொண்டே போனால் நீர் வடியும். பிறகு நிமிர்த்தி, நீரில் சறுக்கி இறக்கி, இரண்டு படகுகளின் விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆட்களை ஏற்றுங்கள். புறப்படுவதற்கு முன் கரையோரமாக ஒருமுறை எல்லோரும் செய்து பாருங்கள்.

கேள்வி: ஆற்று நடுவே உள்ள மணல்திட்டில் கூடாரம் அடிக்கலாமா?

இரண்டு காரணங்களுக்காக வேண்டாம் என்பேன். மேலே எங்கோ பெய்த மழையாலோ, அணை திறந்ததாலோ இரவில் நீர் ஏறினால் திட்டிலிருந்து வெளியேற வழி இருக்காது. கரையில் காய்ந்த குச்சியும் சருகும் ஒதுங்கிய கோடு தெரியும், அதுதான் அண்மைய வெள்ளம் ஏறிய உயரம். கூடாரம் அதற்கு மேலே இருக்கட்டும். படகுகளையும் மேலே ஏற்றி, கவிழ்த்து, மரத்தில் கட்டுங்கள்.

மற்றொன்று, ஆலாக்களும் ஆற்று ஆள்காட்டியும் வெறும் மணலில்தான் முட்டையிடும். முட்டை மணல் நிறத்திலேயே இருப்பதால் மிதிக்கும்வரை தெரியாது. மிதிக்காவிட்டாலும், நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்கும்வரை தாய்ப்பறவை திரும்பாது, வெயிலில் முட்டைகள் வீணாகும். ஆலாக்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாய்ந்தால், அது கூடு இருப்பதற்கான எச்சரிக்கை. உடனே படகைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். இனப்பெருக்க காலம் இடத்துக்கு இடம் மாறும், அதை விசாரித்துப் பயண மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: நான்கு படகுகளும் எழுதும் பறவைப் பட்டியல்கள் ஒத்துப்போவதில்லையே?

முதல் படகு பார்க்கும் பறவை நான்காவது படகு வருவதற்குள் போயிருக்கும், அல்லது ஒரே கொக்கு நான்கு முறை எண்ணப்படும். எண்ணிக்கை ஒரே படகில் இருக்கட்டும், இரண்டாவது படகு நல்லது. முதல் படகின் வேலை வழி பார்ப்பது. கடைசிப் படகு எவரையும் பின்னால் விடாமல் வர வேண்டும், அதில் அனுபவசாலி இருக்கட்டும். நடுவில் உள்ளவர்கள் கண்டதைக் கையசைத்துச் சொல்லட்டும். பறவைக் கணக்குகளைச் சேகரிக்கும் ‘ஈபேர்ட்’ இணையதளத்தில் பதிவதானால் நாள் முழுவதையும் ஒரே பட்டியலாக்காமல், இரண்டு மூன்று கி.மீ.க்கு ஒன்று தொடங்குங்கள். அப்போதுதான் எந்தப் பறவை ஆற்றின் எந்தப் பகுதியில் இருந்தது என்பது பின்னால் பார்ப்பவருக்குப் புரியும்.