எச்சரிக்கை முக்கோணத்தை எங்கே வைப்பது?

வணக்கம். இரவில் டயர் வெடித்து வண்டி நின்றபோது எச்சரிக்கை முக்கோணம் (பின்னால் வருபவர்களை எச்சரிக்கச் சாலையில் வைக்கும், ஒளியைப் பிரதிபலிக்கும் சிவப்பு முக்கோணம்) பெட்டிகளுக்கு அடியில் சிக்கியிருந்ததாகவும், இனி மின்னும் எல்இடி விளக்கு மட்டும் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். போதாது என்பதே என் கருத்து. மாதக்கணக்கில் டிக்கியில் கிடக்கும் விளக்கின் பேட்டரி, தேவைப்படும் நேரத்தில் தீர்ந்தோ கசிந்தோ போயிருக்கலாம். முக்கோணத்துக்கு அந்தக் கவலையே இல்லை.

எல்லாச் சுமைகளையும் ஏற்றிய பிறகு, முக்கோணத்தைக் கடைசியாக டிக்கிக் கதவை ஒட்டி வையுங்கள். ஒளியைப் பிரதிபலிக்கும் மேலங்கியோ வண்டிக்குள்ளேயே, கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், ஏனெனில் இறங்கும் முன்பே அதை அணிந்தாக வேண்டும். (பலர் அதைப் பிரிக்காத உறையோடு டிக்கியில் போட்டுவைப்பது ஏனென்று எனக்குப் புரிவதில்லை.)

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் கடந்துவிடும் என்பதால், விரைவுச் சாலையில் முக்கோணத்தை வண்டிக்கு 30 மீட்டர் பின்னால் வைத்தால் பின்னால் வருபவருக்கு ஒரு நொடிதான் கூடுதலாகக் கிடைக்கும். இயன்றால் 100 மீட்டர் தள்ளி வையுங்கள். வளைவு இருந்தால் அதற்கு முன்பே வைக்க வேண்டும். சாலையோரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி, முக்கோணத்தை முன்னால் பிடித்துக்கொண்டு நடந்து செல்லுங்கள். நடக்க இடமில்லை என்றால் அதைக் கைவிட்டு, அபாய விளக்குகளை எரியவிட்டு, அனைவரையும் போக்குவரத்து இல்லாத பக்கமாக இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிறுத்துங்கள்.